கார் ஸ்டீரியோவில் கொசு சத்தமா? ஃபில்டர் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

“பாட்டுக்கு நடுவுல கொசு பறக்குற மாதிரி ஒரு சத்தம் சார். ஆக்ஸிலரேட்டர மிதிச்சா கொசுவும் ஏறுது, கால எடுத்தா இறங்குது. வேடந்தாங்கல் பார்க்கப் போற ஃபேமிலி ஏறினாங்கன்னா, மாமண்டூர் தாண்டுறதுக்குள்ள ‘அந்தப் பாட்ட அணைச்சிடுப்பா’ன்னு சொல்லிடுறாங்க.”

படாளம் கூட்ரோட்டில் டாக்சி ஓட்டும் நண்பர் ஒருவரின் புலம்பல் இது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் ஒரு ‘நாய்ஸ் ஃபில்டர்’ வாங்கி மாட்டினார். கொசு கொஞ்சம் சோர்ந்தது, சாகவில்லை. அடுத்து இன்னொருவர் பேச்சைக் கேட்டு, தண்ணீர் பாட்டில் சைஸில் ஒரு கெப்பாசிட்டர். அதற்கும் அசையவில்லை. மூன்றாவதாக ஒரு கடையில், “செட்டையே மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் அவர் வண்டி சரியானது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். செலவு என்று பார்த்தால், ஒரு உப்புத்தாளும் அரை மணி நேரமும்தான்.

கார் ஸ்டீரியோ இரைச்சலில் பெரும்பாலும் நடப்பது இதுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலேயே பொருள் வாங்க ஆரம்பித்துவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது. காதைக் கொடுத்துக் கேட்டால், பாதி நேரம் அதுவே முகவரியைச் சொல்லிவிடும்.

முதல் ஐந்து நிமிடம்

ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன், வண்டியில் உட்கார்ந்தபடியே சில சோதனைகள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ‘ஏ.சி.சி’ நிலையில் வைத்து ஸ்டீரியோவை ஆன் செய்யுங்கள். அப்போதும் இரைச்சல் வந்தால் இன்ஜின் பக்கம் போகவே வேண்டாம். கோளாறு செட்டிலோ, ஆம்ப்ளிஃபையரிலோ, ஆன்டெனாவிலோ, இடையில் இருக்கும் ஒயரிலோதான். ஸ்டார்ட் செய்த பிறகுதான் வருகிறது என்றால், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் பாருங்கள். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால், அது ஆல்டர்னேட்டர் (நம் மெக்கானிக்குகள் பாஷையில் டைனமோ) அல்லது இக்னிஷன் சமாசாரம். ஏறாமல் ஒரே மாதிரி இரைந்தால் ஏ.சி ப்ளோயர், வைப்பர், ஃப்யூவல் பம்ப் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்படலாம். ப்ளோயரையும் வைப்பரையும் ஆன் ஆஃப் செய்தாலே அவை குற்றவாளியா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது என் கணக்கில் மிக முக்கியமான சோதனை. ஆனால் பலரும் செய்வதில்லை. வால்யூமை முழுசாகக் குறையுங்கள். பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் குறைகிறதா? அப்படியென்றால் அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலேயே, அதாவது ஆன்டெனா, ஆக்ஸ் கேபிள், யு.எஸ்.பி வழியாக உள்ளே நுழைகிறது. வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதும் அதே அளவு இரைகிறதா? அப்படியென்றால் செட்டைத் தாண்டி, ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஆர்.சி.ஏ ஒயரிலோ, ஆம்ப்ளிஃபையரிலோ, அதன் எர்த்திலோ ஏறுகிறது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

கூடவே எஃப்.எம், ப்ளூடூத், பென் டிரைவ் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எஃப்.எம்மில் மட்டும் வந்தால் அது வேறு கதை. அதைத் தனியாகப் பார்ப்போம்.

கொசு எங்கே பிறக்கிறது?

ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது ஏ.சி மின்சாரம். உள்ளே இருக்கும் டையோடுகள் அதை டி.சியாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகின்றன. இந்த மாற்றம் நூறு சதவிகிதம் வழவழப்பாக இருக்காது. மேலே சின்னச் சின்ன அலைகள் மிச்சமிருக்கும். பரவலாக இருக்கும் 12 துருவ, மூன்று ஃபேஸ் ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள். இன்ஜின் ஐடிலிங்கில் 800 ஆர்.பி.எம்-ல் ஓடுகிறது, புல்லியின் அளவால் ஆல்டர்னேட்டர் அதைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 1,200 அலைகள். 3,000 ஆர்.பி.எம்-ல் அது 4,500 ஆகிவிடும். நம் காதுக்கு மிக நன்றாகக் கேட்கும் எல்லைக்குள்தான் இவ்வளவும் இருக்கிறது. படாளம் நண்பர் சொன்ன கொசு இதுதான்.

சிற்றலை எல்லா வண்டியிலும் உண்டு. ஆனால் எல்லா வண்டியிலும் கொசு பறப்பதில்லை. அது ஸ்பீக்கர் வரை வருவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி பெரும்பாலும் எர்த்.

காரில் பேட்டரியின் நெகட்டிவ், வண்டியின் பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கப்பட்டிருக்கும். பாடி மொத்தமும் ஒரு பெரிய ஒயர் மாதிரி வேலை செய்கிறது. செட்டுக்கு டேஷ்போர்டுக்குள் ஓர் இடத்தில் எர்த், டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு இன்னோர் இடத்தில் எர்த். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும், கரன்ட் ஆர்.சி.ஏ ஒயரின் வெளிச்சுற்று வழியாகப் பாய ஆரம்பிக்கும். பாட்டு போகிற அதே ஒயரில் ஆல்டர்னேட்டரின் அலையும் சவாரி செய்கிறது. இதைத்தான் ‘கிரவுண்ட் லூப்’ என்கிறார்கள்.

நம்மூர் கடைகளில் ஆம்ப்ளிஃபையர் எர்த்தை எங்கே முடுக்குகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கைக்குக் கிடைத்த போல்ட்டில். அதன் கீழே பெயின்ட் இருக்கும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. இழை வழியாகத் தொட்டும் தொடாமலும் ஒரு இணைப்பு கிடைக்கும், அவ்வளவுதான். எர்த் ஒயர் முடிந்தவரை குட்டையாக, ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். பவர் ஒயர் எவ்வளவு தடிமனோ, அதே தடிமன். போல்ட்டின் அடியில் பளபளவென்று தகடு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸோ பெயின்ட்டோ தடவினால் துரு பிடிக்காது. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள். விபத்து நேரத்தில் உயிரைப் பிடிக்க வேண்டிய போல்ட் அது.

பவர் ஒயரையும் ஆர்.சி.ஏ ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே பக்கமாக இழுத்துப் போவதும் நம் ஊர் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும், சத்தமும் சீக்கிரம் வரும். பவர் ஒயர் வண்டியின் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ மறு பக்கம் என்று போக வேண்டும். குறுக்கே சந்தித்தே தீர வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரி சந்திக்கட்டும்.

உப்புக்காத்து செய்த வேலை

படாளம் நண்பரின் வண்டியில் ஆம்ப்ளிஃபையர் எர்த் நன்றாகவே இருந்தது. அதனால்தான் மூன்று கடைக்காரர்களும் குழம்பிவிட்டார்கள். செங்கல்பட்டில் ஒரு வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஸ்டீரியோ பக்கமே போகவில்லை. முதலில் கேட்டது, “இந்த வண்டி எந்த ஊருப்பா?”

“செகண்ட்ஸ்ல வாங்கினது அண்ணா. மாமல்லபுரத்துல, பீச் ரோட்டுப் பக்கம் நின்ன வண்டி.”

“நைட்டுல ஹார்ன் அடிச்சா ஹெட்லைட் மங்குதா?”

“ஆமா அண்ணா. செல்ஃபும் கொஞ்சம் இழுத்துதான் எடுக்குது.”

அவர் மல்டிமீட்டரை டி.சி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் தொட்டார். இன்ஜின் ஓட்டத்தில், ஹெட்லைட்டும் ப்ளோயரும் ஆன். நல்ல வண்டியில் இது 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மீட்டர் 0.6 காட்டியது. பிறகு ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் பிடித்தார். கொசு செத்துவிட்டது. கேபிளை எடுத்ததும் மீண்டும் பறந்தது.

இன்ஜினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் போகும் எர்த் பட்டையின் முனைகள், கடற்கரை உப்பில் அரித்துப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தன. ஆல்டர்னேட்டர் உட்கார்ந்திருப்பது இன்ஜின் மேல். அதன் கரன்ட் திரும்பிப் போகச் சரியான வழியில்லாததால், ஆன்டெனா ஒயர், ஆர்.சி.ஏ ஒயர் என்று கிடைத்த சந்திலெல்லாம் புகுந்து போய்க்கொண்டிருந்தது. முனைகளைக் கழற்றி, தேய்த்து, முடுக்கியதும் மீட்டர் 0.05-க்கு வந்தது. ஹெட்லைட்டும் பிரகாசமானது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் பின்னால் லைட் இல்லாமல் நிற்கும் சாலையில், ராத்திரி ஹெட்லைட் மங்கலாக இருப்பது ஸ்டீரியோ இரைச்சலைவிடப் பெரிய பிரச்னை. வண்டி அதைத்தான் பாட்டு வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கோவளம் முதல் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வரை ஈ.சி.ஆர் ஓரம் வண்டி நிறுத்துகிறவர்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது பேட்டரி முனை, எர்த் பட்டை, ஆன்டெனாவின் அடிப்பகுதி மூன்றையும் கழற்றிப் பார்ப்பது நல்லது. கடற்கரை வண்டியை செகண்ட்ஸில் வாங்கினாலும் இதுவே.

எர்த் எல்லாம் சரி, ஆனாலும் கொசு பறக்கிறது, பேட்டரி வார்னிங் லைட்டும் எட்டிப்பார்க்கிறது என்றால் ஆல்டர்னேட்டரின் டையோடு போயிருக்கலாம். இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏ.சி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரி முனைகளில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 0.5-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதை ஃபில்டர் போட்டு மறைத்தால், ஏதாவது ஒரு நாள் நடுரோட்டில் பேட்டரி இறங்கி நிற்பீர்கள்.

சார்ஜர் போட்டால் மட்டும் வருகிறதா?

ஆம்ப்ளிஃபையரே இல்லாத சாதாரண வண்டிகளில் அதிகம் கேட்கும் புகார் இது. போனை லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டு, ஆக்ஸ் கேபிளில் பாட்டு கேட்டால் ‘கீஈஈ’ என்று ஒரு இழுவை. சார்ஜரைப் பிடுங்கினால் உடனே அமைதி. இதுவும் கிரவுண்ட் லூப்தான். போன் சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக இன்னொரு எர்த். போதாக்குறைக்கு மலிவான சார்ஜருக்குள் இருக்கும் சர்க்யூட்டின் இரைச்சல் வேறு.

ப்ளூடூத் இருந்தால் அதற்கு மாறுங்கள், விஷயம் முடிந்தது. இல்லையென்றால் ஆக்ஸ் கேபிளுக்கு நடுவே மாட்டும் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சின்ன டப்பா இருக்கிறது. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டு தாண்டும், எர்த் கரன்ட் தாண்டாது. மட்டமானதை வாங்கினால் பேஸ் கொஞ்சம் குறையும். இந்த ஒரு இடத்தில் மட்டும் பொருள் வாங்கிச் சரிசெய்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எஃப்.எம்மில் மட்டும் கரகர

சென்னையிலிருந்து கிளம்பி ஜி.எஸ்.டி சாலையில் பாலாறு தாண்டும்போது சென்னை எஃப்.எம் கரகரத்தால் அது கோளாறே இல்லை. எஃப்.எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற ஜாதி. தூரம் கூடக் கூட, மேடு பள்ளம் குறுக்கிட, தேய்ந்துகொண்டே வரும். அதற்காகச் செட்டைக் கழற்றாதீர்கள்.

ஆனால் ஊருக்குள்ளேயே, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்திலேயே கரகரத்தால், சமீபத்தில் என்ன மாட்டினீர்கள் என்று யோசியுங்கள். எல்.இ.டி ஹெட்லைட் பல்பும் டேஷ் கேமும்தான் இப்போதைய முக்கியக் குற்றவாளிகள். இவற்றுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட், விநாடிக்கு லட்சக்கணக்கான முறை ஆன் ஆஃப் ஆகிறது. சரியான கவசம் இல்லாத மலிவு ரகம் என்றால், அதுவே ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன். ஹெட்லைட்டைப் போட்டதும் எஃப்.எம் மூச்சுத் திணறினால் வேறு சாட்சியே வேண்டாம். டேஷ் கேம் என்றால் அதன் ஒயரை ஆன்டெனா ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், சார்ஜர் பக்கத்தில் ஒரு ஃபெரைட் கிளிப் மாட்டிப் பாருங்கள். பல்பு என்றால் பெரும்பாலும் மாற்றுவதுதான் வழி.

டாக்சி ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘டிட்-டிடிட்-டிட்’ என்று அவ்வப்போது ஒரு சத்தம் வந்து போனால், அது 2ஜி சிக்னல். 2ஜி போன் விநாடிக்குச் சுமார் 217 முறை துண்டு துண்டாக அலை அனுப்பும். போன் 4ஜியாக இருந்தாலும், வண்டியில் மாட்டியிருக்கும் ஜி.பி.எஸ் டிராக்கருக்குள் 2ஜி சிம் இருக்கலாம். டிராக்கர் செட்டுக்குப் பின்னாலேயே சொருகப்பட்டிருந்தால், இரண்டடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வாடகை வண்டியில் டிராக்கரைக் கழற்றிவிடாதீர்கள். இடத்தை மாற்றினால் போதும்.

பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ‘டக் டக் டக்’ என்று இன்ஜினோடு சேர்ந்து ஓடும் சத்தம் பழக்கமாக இருக்கும். அது ஸ்பார்க் பிளக். 1930-ல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் கார் ரேடியோ விற்க ஆரம்பித்தபோதே இந்த இம்சை இருந்தது. ரேடியோவைப் பொருத்துகிறவர்கள் இக்னிஷன் இரைச்சலை அடக்கவும் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது. இப்போது பிளக்குக்குள்ளேயே ரெசிஸ்டர் வருகிறது. பல கம்பெனி பிளக்குகளின் நம்பரில் ‘ஆர்’ எழுத்து இருப்பது அதற்காகத்தான். ‘ஆர்’ இல்லாத பிளக்கை யாராவது மாட்டியிருந்தாலோ, ஹை டென்ஷன் ஒயர் வெடித்திருந்தாலோ சத்தம் திரும்பும். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அங்கே ‘டக் டக்’ வந்தால் வேறு இடத்தில் தேடுங்கள்.

‘உஸ்ஸ்’ என்றால் பாம்பு இல்லை, கெயின்

பாட்டு நின்ற பிறகும் மெல்லிய ‘உஸ்ஸ்’ கேட்டால், ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் ‘கெயின்’ திருகைத் தேவைக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கெயின் என்பது இன்னொரு வால்யூம் அல்ல. செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவது மட்டுமே அதன் வேலை. கெயினை முழுசாகக் குறைத்துவிட்டு, செட்டின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து, பாட்டு உடையாமல் போதுமான சத்தம் வரும்வரை மட்டும் மெதுவாக ஏற்றுங்கள். உஸ் தானாக அடங்கும். சப்-வூஃபரை வைத்துத் தெருவையே அதிர வைக்க நினைப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஆம்ப்ளிஃபையர் ஆனில் இருக்கும்போது ஆர்.சி.ஏ ஒயரைப் பிடுங்கிச் சொருகுவதைத் தயவுசெய்து தவிர்க்கவும். சில செட்டுகளில் ஆர்.சி.ஏ-வின் எர்த் பாதையில் அரிசி அளவுக்கு ஒரு ஃப்யூஸ் இருக்கும். ‘டப்’பென்று ஒரு முறை கேட்டால் அது போய்விடும். அப்புறம் நிரந்தரக் கொசுதான். இந்தச் சந்தேகம் இருந்தால், ஆர்.சி.ஏ-வின் வெளி உலோகத்தையும் செட்டின் பின்பக்கத் தகட்டையும் ஒரு சின்ன ஒயரால் தொட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் அந்த ஃப்யூஸ் காலி.

ஸ்பீக்கர் ஒயரிலும் ஒரு பழைய பழக்கம் உயிரோடு இருக்கிறது. நெகட்டிவை ஒயர் இழுக்காமல் பாடியில் கொடுத்துவிடுவது. அந்தக் கால செட்டுகளில் ஓடியது. இப்போதைய செட்டுகளில் இரண்டு ஒயரிலும் சிக்னல் உண்டு. பாடியில் தொட்டால் உள்ளே ஐ.சி புகையும். கதவைத் திறந்து மூடும்போது மட்டும் பாட்டு வெட்டினால், கீல் பக்கத்தில் ஒயர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள்.

‘கொட கொட’, ‘கிர்ர்’ எல்லாம் மின்சாரக் கோளாறே இல்லை. சப்-வூஃபர் அதிரும்போது நம்பர் பிளேட்டையும் கதவு பேனலையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டால், பின்னால் இரண்டு துண்டு ஃபோம் போதும்.

நீங்களே கை வைப்பதென்றால்

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பிறகுதான் மற்றதெல்லாம். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிற ஒயரோ கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக். தொடாதீர்கள். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு ஒயர் உயர் அழுத்த மின்சாரம். அந்தப் பக்கமே போக வேண்டாம். வாரன்டியில் இருக்கும் வண்டியின் ஒரிஜினல் ஒயரை வெட்டி ஒட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தந்த மாடலுக்கென்றே சொருகும் கப்ளர் விற்கிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் பவர் ஒயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்கிறதா என்று இன்றே பானெட்டைத் திறந்து பாருங்கள். அது இல்லாமல் ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் வண்டி பற்றிக்கொள்ளும். ‘ஒயரிங் கிட்’ என்று மலிவாகக் கிடைப்பதில் பலவும் அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. கடற்கரைப் பக்கம் அது சீக்கிரம் அரித்துவிடும்.

கடைக்குப் போகிறீர்கள் என்றால், “சத்தம் வருது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இன்ஜின் ஆஃப்ல வரல, ஆக்ஸிலரேட்டரோட ஏறுது, வால்யூம கொறச்சாலும் கொறையல” என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் எதையும் சோதிக்காமல் ஃபில்டரை எடுத்து நீட்டினால், அடுத்த கடையைப் பார்க்கலாம்.

படாளம் நண்பரின் டிக்கியில் அந்தத் தண்ணீர் பாட்டில் கெப்பாசிட்டர் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. “போன வாரம் ஒரு பாசஞ்சர், பின்னாடி என்னமோ கொட கொடன்னு சத்தம் வருதுன்னு சொன்னாரு சார்” என்றார்.